செயற்கைக்கோளை மறைத்த மிளகாய்

சென்ற மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஓர் இளம் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். நான் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய அதே ஒளிபரப்புத் துறையில் இப்போது வேலை பார்ப்பவர். பேச்சு சூரிய இடையூறு பக்கம் போயிற்று. வருடத்தில் இரண்டு முறை, சில நாட்களுக்கு, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்று படத்தைச் சில நிமிடம் அழித்துவிடும். அதைத்தான் அப்படிச் சொல்வோம். இப்போதெல்லாம் அது எந்த நாளில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கைப்பேசியே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறதாம்.

"உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிங் சார் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் அனுபவந்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு, பாயசம் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டேன்.

அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு சின்ன வாக்கியத்தில் நான் அதுவரை சொன்னதில்லை. நான் சூரியனைக் கண்டுபிடிக்கவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடித்தேன், அதுவும் தப்பான குற்றவாளியை. பந்தியில் சொல்லத் தைரியம் இல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வடக்கே ஓர் ஊரில் ஆறு மாதம். மதியம் வயிறு முட்டச் சப்பாத்தி, உடனே வகுப்பு, தலைக்கு மேல் மின்விசிறி. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 'சூரியனும் செயற்கைக்கோளும்' என்று அழகாகத் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். கீழே ஒரே ஒரு வரி. அந்த வரியின் பாதியில் எழுத்து கோணலாகி, பேனா இழுத்துக்கொண்டே பக்கத்தின் ஓரம் வரை போயிருக்கிறது. அடுத்த பக்கத்தில் வேறு பாடம்.

விழித்திருந்த வகுப்புகளில் கற்றது இவ்வளவுதான். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் விடப்பட்ட செயற்கைக்கோள் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் நேரமும், பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒன்று. அதைவிடத் தாழ்வாக இருந்தால் சீக்கிரம் சுற்றிவிடும், உயரமாக இருந்தால் தாமதமாகும். அந்த ஓர் உயரத்தில் மட்டும் கணக்கு ஒத்துப்போகிறது. அதனால் கீழிருந்து பார்க்கிற நமக்கு அது வானத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது. உண்மையில் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டம் நமக்குத் தெரியாததால்தான் தட்டு ஆண்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்து முடுக்கிவிட்டு, வருடக்கணக்கில் நாங்கள் சம்பளம் வாங்க முடிந்தது.

அதுவரை ஸ்டுடியோ வேலை மட்டும் பார்த்த நான், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரையில், கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பொள்ளாச்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய மறு ஒளிபரப்பு நிலையத்துக்குப் பொறுப்பாளனாக வந்தேன். செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைத் தட்டில் வாங்கி, கோபுரம் வழியாகச் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஒரு கட்டுப்பாட்டு அறை, அதன் பின்னால் எனக்குக் குடியிருப்பு, முற்றத்தில் பன்னிரண்டடி அகலத் தட்டு. நம் ஊர் நடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகை மட்டும் தள்ளியிருப்பதால் செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே நம் தட்டு டெல்லித் தட்டைப் போலச் சாய்ந்து நிற்காது. கொஞ்சம் தெற்கும் கிழக்குமாகச் சரிந்து, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். அதன் நடுவே மூன்று இரும்புக் கால்களின் மேல், சிக்னலை வாங்கும் குழாய் ஒன்று நிற்கும். அதைக் கொம்பு என்போம்.

வந்த முதல் ஆடிக் காற்றிலேயே தட்டு நகர்ந்துவிட்டது. திசைகாட்டியும் தூக்குக் குண்டும் வைத்து நானே தட்டைத் திருப்பினேன். படம் பளிச்சென்று வந்தது. பெருமையாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி போன் செய்தார்.

"ஏனுங் சார், சேதி வாசிக்கிற அம்மணி நல்லாத்தான் வாசிக்குதுங்க. எங்கூட்ல ஒருத்தருக்கும் ஒன்னும் புரியலீங்க. உங்களுக்குப் புரியுதுங்களா?"

அந்தப் பாதையில் பல நாட்டுச் செயற்கைக்கோள்கள், பஸ் நிலையத்தில் பஸ் நிற்கிற மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நான் நம் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருந்தேன். கால் மணி நேரம் எங்கள் வட்டாரம் முழுவதும் வெளிநாட்டுச் செய்தி பார்த்தது. "சோதனை ஒளிபரப்புங்க" என்று அவரிடம் சொல்லி வைத்தேன். பதிவேட்டில் 'சிறிய திசை விலகல், சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன்.

இந்த இடத்தில் எங்கள் கோட்டப் பொறியாளர் சென்னியப்பனைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் போன்ற ஐந்தாறு நிலையங்களை மேய்த்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடி. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் "சொல்லுங்க" என்பார். தப்பு செய்த நாளில் "சொல்லுங்க சார்" என்பார். பெரிய தப்பு என்றால் "நீங்க சொன்னாச் சரியாத்தானுங் சார் இருக்கும், தயவு பண்ணிச் சொல்லுங்க" என்பார். அதைக் கேட்டவன் அன்று இரண்டு தடவை முகம் கழுவுவான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நாம் எழுதிய எதையும் அவர் படிக்க மாட்டார். பையில் கண்ணாடி தெரியத் தெரிய, "கண்ணாடி கொண்டாரலீங்க, நீங்களே சித்தப் படிங்க" என்று காகிதத்தை நம் கையிலேயே கொடுப்பார். எழுதும்போது சுலபமாகப் போன பொய், வாய்விட்டுப் படிக்கும்போது தொண்டையில் நிற்கும். 'சிறிய திசை விலகல்' என்பதை நான் மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை, "அடுத்த நாட்டுக்கே போய்ட்டேனுங்க சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் நிலையத்தில் மற்ற இருவர், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள என்னோடு புதிதாக வந்த நாச்சிமுத்துவும், தினக்கூலித் துப்புரவுப் பணியாளர் எஸ்தரும். எஸ்தருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தாய் தகப்பன் நிலக்கடலைத் தோட்டத்திலும் தோப்பிலும் கூலிக்குப் போனவர்கள், அவரும் சின்ன வயதிலிருந்து போனவர். நிலையம் கட்டியபோது செங்கல் சுமக்க வந்து, கட்டி முடிந்ததும் கூட்டிப் பெருக்க நின்றுவிட்டார். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஏணி வைத்துத் தட்டில் ஏறிக் காக்கை எச்சத்தைத் துடைப்பதும் அவர்தான். ஒருநாள் துடைத்துவிட்டு இறங்கும்போது கேட்டார்.

"சார், மேல இருக்கற அது நிக்குதுங்களா, சுத்துதுங்களா?"

"நிக்குதுன்னு வெச்சுக்கம்மா. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சும்மா நின்னா உழுந்துருமில்லீங்க?"

அது சரியான கேள்வி. ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அது விழாமல் இருக்கிறது. நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வருடம், நெடுநாள் தினக்கூலிகளை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பணியில் கெட்ட குறிப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எஸ்தர் பொள்ளாச்சி போய், சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் போட்டோ எடுத்து, விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டுக் கோவைக்கு அனுப்பினேன். என் பதவி உயர்வுக் கோப்பும் அதே அலுவலகத்தில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அதே நிபந்தனைதான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு மானிட்டரில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறி, அப்புறம் வெறும் இரைச்சலானது. "போச்சுங் சார்!" என்று நாச்சிமுத்து கத்தினார். மூன்று நிமிடத்தில் தானாகத் திரும்பியது. மறுநாள் அதே நேரம் மறுபடி போயிற்று. இந்தத் தடவை ஆறு நிமிடம். அன்று கிரிக்கெட் நடந்துகொண்டிருந்ததால் போன் அடித்த அடியில் நான் ரிசீவரைக் கழற்றி வைக்கும்படி ஆயிற்று. கேபிளை மாற்றினேன். இணைப்புகளைத் திருகிப் பார்த்தேன். மின்னழுத்தத்தை அளந்தேன். கோபுரத்துக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

மூன்றாம் நாள் படம் போன கையோடு வெளியே ஓடினேன். எஸ்தர் ஏணியின் மேல் நின்றுகொண்டு, தட்டுக்குள் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். தட்டின் சரிவில் செக்கச்செவேலென்று வர மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? இறங்கு கீழே!"

எஸ்தர் இறங்கினார். "அம்மணி குடுத்ததுங் சார். இங்க எல்லாம் தென்னை நெழலு. கீழ போட்டா ஆடு வந்து மிதிக்குது. மேலதான் நல்லா வெய்யிலு அடிக்குதுன்னு அம்மணிதான் சொல்லுச்சுங்க. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள ஒருக்காப் பொரட்டி உடறேன்."

அம்மணி என்றால் என் மனைவி. ஆயுத பூஜைக்குள் மிளகாய்ப் பொடி அரைத்துவிட வேண்டும் என்று பொள்ளாச்சிச் சந்தையில் மூன்று கிலோ வாங்கி வந்திருந்தாள். சார் வீட்டு அம்மணி சொன்னால் தினக்கூலிப் பெண் எப்படி மறுப்பார்? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று. தட்டின் மேல் ஆள் குனிந்தால் சிக்னல் மறையும், மூன்று நாளாகப் படம் போவது இதனால்தான். முதல் நாள் மூன்று நிமிடம், அப்புறம் ஆறு, இன்றைக்கு அதற்கும் மேல். மிளகாய் அதிகமாக அதிகமாகப் புரட்டும் நேரமும் கூடியிருக்கிறது. கணக்கு இவ்வளவு கச்சிதமாக விழுந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் கத்திக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து "வந்துருச்சுங் சார், எட்டு நிமிசம்!" என்று நாச்சிமுத்து சொன்னார். எஸ்தர் இறங்கியதால்தான் படம் வந்தது என்று என் கணக்கு முடிந்துவிட்டது.

"நானு ஏறுனதால இல்லீங் சார்" என்றார் எஸ்தர். "அந்தக் கொம்பு நெழலு சரியாத் தட்டு நடுவுல உழுகறப்பத்தானுங்க உள்ள 'போச்சு'ன்னு கத்தறாங்க. மூணு நாளாப் பாக்கறேன். நெழலு நகுந்தா வந்துருதுங்க."

"எனக்கே பாடம் நடத்தறியா?" என்று கேட்டுவிட்டு நேராக மேஜைக்குப் போனேன்.

அன்று நான் எழுதிய அறிக்கையில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தினக்கூலிப் பணியாளர் எஸ்தர், அனுமதியின்றித் தட்டின் மீது வெளிப்பொருள் உலர்த்தியதாலும், ஒளிபரப்பு நேரத்தில் தட்டை மறைத்ததாலும் மூன்று நாட்கள் ஒளிபரப்பு தடைப்பட்டது என்று எழுதினேன். விசாரித்தபோது, கொம்பின் நிழல் தட்டின் நடுவில் விழும் நேரத்தில்தான் படம் மறைகிறது என்று சம்பந்தமில்லாத பதில் கூறினார் என்றும் சேர்த்தேன். இவரைப் பணியில் நீட்டிப்பது உகந்ததல்ல என்று முடித்தேன். அந்த வெளிப்பொருள் யார் வீட்டுக் குழம்புக்குப் போக இருந்தது என்பதை எழுதவில்லை. மறந்து விட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. எழுதினால் பதவி உயர்வுக் கோப்பு அந்த மேஜையிலேயே படுத்துவிடும் என்று தெரிந்துதான் விட்டேன்.

அறிக்கையை நாச்சிமுத்துவிடம் கொடுத்து உடனே கோவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சாப்பிடப் போனேன். மனைவியிடம் நடந்ததைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொளகா நம்முளுதுங்க. காயப்போடச் சொன்னது நானு. அந்தக்கா மேல எழுதிக் குடுத்துப்போட்டு வந்து எங்கிட்டச் சோறு கேக்கறீங்களா?"

"அதெல்லாம் ஆபீஸ் விசயம்."

"ஆபீஸ் விசயம்னா ஆபீஸ்லயே சாப்பிட்டுக்குங்க."

அன்று கிணத்துக்கடவு போய்ப் பரோட்டா சாப்பிட்டேன்.

நான்காம் நாள் தட்டில் மிளகாயும் இல்லை, ஏணியும் இல்லை. எஸ்தர் வாசலைத் தாண்டி வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பதினொன்றே முக்காலுக்குப் படம் போயிற்று. ஆறு நிமிடம் இரைச்சலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் மனிதன் தன் முட்டாள்தனத்தை அவ்வளவு சுலபத்தில் கைவிடுவதில்லை. பதிவேட்டை எடுத்து, 'தட்டில் மிளகாய் விதைகள் மிச்சம் இருக்கலாம்' என்று எழுதி, நாச்சிமுத்துவை விட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் சிக்னலை நாலு மிளகாய் விதை தடுக்கும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்ட ஒரே தொழில்நுட்ப அதிகாரி நானாகத்தான் இருப்பேன்.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. சென்னியப்பன் இறங்கினார். வாசலில் நின்ற எஸ்தரைப் பார்த்து, "நீங்களும் உள்ள வாங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதியிருக்கீங்கன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் கண்ணாடி இல்லீங்க சார். தயவு பண்ணி நீங்களே படிச்சுக் காட்டோணும்."

மூன்று சொல்லுக்கு ஒரு மரியாதை. முற்றத்தில், தட்டுக்குப் பக்கத்தில், எஸ்தரின் முன்னால் நான் என் அறிக்கையைப் படித்தேன். 'சம்பந்தமில்லாத பதில் கூறினார்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அந்த வரிய மட்டும் இன்னொருக்காப் படிங்க சார்."

"கொம்பின் நிழல் தட்டின் நடுவில் விழும் நேரத்தில்தான் படம் மறைகிறது..."

"போதுமுங்க. அந்த ஏணிய எடுத்து வெச்சு நீங்க ஏறுங்க. ஏறி நின்னு, உள்ள என்ன தெரியுதோ சத்தமாச் சொல்லுங்க."

ஏறினேன். வெள்ளைத் தட்டு கண்ணைக் கூசச் செய்தது. கொம்பின் வட்ட நிழல் நடுவுக்கு ஒரு சாண் மேற்கே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. ஒரு சாண், நாலு விரல், ஒரு விரல் என்று நான் மேலேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டின் நடுவில் தகடுகள் எல்லாம் வந்து சேரும் இடத்தில் ஒரு வட்ட மூடி உண்டு. நிழல் அந்த மூடியின் மேல் வந்து உட்கார்ந்தது. உள்ளேயிருந்து நாச்சிமுத்து, "போச்சுங் சார்!" என்று கத்தினார்.

நான் ஏணியில் இருந்தேன். எஸ்தர் தரையில், பொறியாளருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம் ஆயிற்று. நிழல் மூடியை விட்டு விலகியது. "வந்துருச்சுங்!" என்றது உள்ளே.

பாதியில் தூங்கிப்போன அந்தப் பாடம் முழுவதும் எனக்கு அந்த ஏணியின் மேல்தான் புரிந்தது. கொம்பின் நிழல் தட்டின் நட்டநடுவில் விழுகிறது என்றால் தட்டு பார்க்கிற அதே திசையில் சூரியன் நிற்கிறது என்று அர்த்தம். தட்டு பார்ப்பது செயற்கைக்கோளை. ஆக, செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன். சூரியன் வெளிச்சத்தை மட்டும் அனுப்புவதில்லை, பெரிய வானொலி இரைச்சலையும் அனுப்புகிறது. திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாய் அலறும் இடத்தில் ஒருவர் காதோடு ரகசியம் சொன்னால் என்ன கேட்கும்? சூரியன் வருடத்தில் இரண்டு முறை நடுக்கோட்டைக் கடக்கிறது. நாம் கொஞ்சம் வடக்கே இருந்து பார்ப்பதால் நமக்கு மார்ச்சில் சில நாள் முன்னதாகவும், செப்டம்பரில் சில நாள் பின்னதாகவும் இரண்டும் ஒரே கோட்டில் தெரிகின்றன. முதல் நாள் ஓரமாக உரசிப்போகும், நடு நாளில் நேராகக் கடக்கும், கடைசி நாளில் மறுபடி உரசிப்போகும். மூன்று, ஆறு, எட்டு, ஆறு, மூன்று. மிளகாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இந்த மாசம் மொதல்ல தலைமையகத்துல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்துருக்கோணுமுங்களே" என்றார் சென்னியப்பன்.

வந்திருந்தது. வெள்ளையடிப்பு ஒப்பந்தக் கோப்பில் இருந்தது. எங்கள் நிலையத்துக்கு எந்த ஐந்து நாட்கள், எத்தனை மணிக்கு என்று அட்டவணையே போட்டிருந்தார்கள். மூலையில் 'பார்த்தேன்' என்று என் சுருக்கொப்பம். அதையும் வாய்விட்டுப் படிக்க வைத்தார். அட்டவணையை மட்டுமல்ல, 'பார்த்தேன்' என்பதையும்.

பிறகு கேட்டார்: "அறிக்கையில வெளிப்பொருள்னு ஒன்னு வருதுங்களே, அது என்னங்க?"

"மிளகாய்ங்க சார்."

"யாரு மொளகாங்க?"

நான் தட்டைப் பார்த்தேன். அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். "உங்களுதுங்களாம்மா?"

"இல்லீங்க."

"பொறவு யாருதுங்க?"

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. "அது எனக்கு எதுக்குங்க? சாரு எல்லாத்தயும் எழுதறவரு, அதயும் எழுதியிருப்பாருங்க. படிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

அந்த அம்மாள் ஒரே சொல்லில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நான் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய இடத்தில் என்ன செய்தேன் என்பதை எனக்கே விட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. முப்பத்தைந்து வயதில், அரசாங்க முற்றத்தில், அதிகாரியின் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் மூக்கைச் சிந்தினேன்.

"எங்கூட்டு மொளகாங்க சார்" என்றேன்.

"சரீங்க. எழுதுனது நீங்க. அழிக்கறதும் நீங்கதானுங்க அழிக்கோணும்" என்று ஒரு பேனாவை நீட்டினார்.

முதல் நகலில், இயற்கைக் காரணங்களால் ஏற்பட்ட தடை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று எழுதினேன். படிக்கச் சொன்னார், படித்தேன். "இதுல ஆளே இல்லீங்களே. யாருங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது, கோபுரமுங்களா?" என்றார். இரண்டாவது நகலில் ஆள் வந்தது, மிளகாய் வரவில்லை. மூன்றாவதில், தட்டில் மிளகாய் காணப்பட்டது என்று எழுதினேன். "தானா நடந்து ஏறுச்சுங்களா?" என்றார். ஒவ்வொரு நகலிலும் நான் என் பதவி உயர்வை ஒரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டே எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அது படிக்கும்போது வெளியே எட்டிப் பார்த்தது. ஐந்தாவது நகலை நான் தடங்கலில்லாமல் படித்தேன்.

'மேற்படி நாட்களில் படம் மறைந்ததற்குச் சூரிய இடையூறே காரணம். அதற்கான சுற்றறிக்கையைப் படிக்காமல் ஒப்பமிட்டேன். தட்டில் காய்ந்த மிளகாய் என் வீட்டு மிளகாய். என் வீட்டார் சொன்னதால் திருமதி எஸ்தர் அதைக் காயவைத்தார். படம் மறையும் காரணத்தை அவரே முதலில் சரியாகச் சொன்னார். அது தெரிந்தும் அவர் மீது பழி போட்டு நான் அனுப்பிய அறிக்கையை ரத்து செய்ய வேண்டுகிறேன்.'

"தெரிந்தும்ங்கறது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"மிளகாய் யாருதுன்னு தெரிஞ்சேதான் எழுதுனனுங்க சார்."

அவர் பேனாவை வாங்கிப் பையில் சொருகிக்கொண்டு, அன்று முதல் தடவையாக என்னிடம் மரியாதை கூட்டாமல் பேசினார். "போய் மொகத்தக் கழுவிட்டு வாங்க" என்றார்.

தை மாதம் எஸ்தருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. நான்தான் கையில் கொடுத்தேன். வாங்கி, இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சரீங்க" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப் போயிற்று. அதைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் ஒழுங்காகப் போட்டாள்.

மார்ச் வந்தது. இந்தத் தடவை சுற்றறிக்கையைப் பார்த்து, நாளையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மார்ச்சில் அது பன்னிரண்டு மணி தாண்டி வரும். முதல் நாள், அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எஸ்தர் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து, என் மேஜைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னங்கம்மா?" என்றேன்.

"ஒன்னுமில்லீங் சார். படம் போற நேரமாச்சுங்களே. நானு எங்க இருக்கேன்னு நீங்க பாத்துக்கோணுமில்லீங்க."

படம் போயிற்று. அவர் மடியில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நாச்சிமுத்து மானிட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. படம் திரும்பியதும் எஸ்தர் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மறுநாளும் வந்தார். செப்டம்பரிலும் வந்தார். நான் மாற்றலாகிப் போகும் வரை ஏழு வருடம், மார்ச்சில் ஐந்து நாள், செப்டம்பரில் ஐந்து நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு முதல் நாள் போலவே வெட்கமாக இருந்தது. "போதுங்கம்மா, நீங்க போங்க" என்று சொல்ல நினைத்து நினைத்துச் சொல்லாமலே விட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நானில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.